சாயத்தண்ணீரும் கல்லூரிப் பாடமும்

கல்லூரிகளில் பிள்ளைகளைச் சேர்க்கும் காலம் வந்துவிட்டால் ஆலைத் தொழிலாளி வீட்டிலும் விவசாயக் கூலி வீட்டிலும் பேச்சு ஒன்றுதான். எந்தப் பாடத்தில் இடம் கிடைக்கும், கட்டணம் எவ்வளவு, படித்து முடித்தால் வேலை உண்டா? இந்தக் கவலைகளோடு இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. முதன்மைப் பாடத்தோடு துணைப்பாடமாகச் சுற்றுச்சூழலை எடுக்கலாமா? எடுத்தால் என்ன பிரயோஜனம்?

ரசாயனம், உயிரியல், பொருளாதாரம், சட்டம், சரித்திரம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பாடமாகப் படிப்பது என்பது இதன் ஏற்பாடு. எல்லாவற்றிலும் கொஞ்சம், எதிலும் முழுசில்லை என்று சிலர் கேலி செய்கிறார்கள். மரம் நடும் பாடம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். காரில் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று நம்மவர்களிலேயே பலர் நினைக்கிறார்கள்.

இந்தக் கடைசி எண்ணத்தைத்தான் நாம் முதலில் மறுக்கிறோம். இந்தப் பாடம் வேறு எவர் வீட்டுப் பிள்ளைகளையும்விட உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது. ஆனால் இன்று அது நடத்தப்படும் விதம் வேறு, நடத்தப்பட வேண்டிய விதம் வேறு. இரண்டையும் விளக்குவது நம் கடமை.

ஒரு பனியனின் பின்னால்

உங்கள் உடம்பில் இருக்கும் பனியனையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பருத்திக் காட்டில் தொடங்குகிறது. பருத்திக்கு மருந்தடிப்பவர் நிலத்துக்குச் சொந்தக்காரரல்ல, கூலிக்கு வந்தவர். 2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் விஷம் ஏறி இறந்தார்கள். செடி ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டால் மருந்து முகத்திலும் தலையிலும் விழும். மூக்கில் துணி கட்டினால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் பல மருந்துகள் தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். வேர்வையில் நனைந்த சட்டை அதற்கு வழி செய்து கொடுக்கும். டப்பாவின் மேல் ஒரு நிற அடையாளம் இருக்கிறது. சிவப்பு என்றால் கொடிய விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், கடைசியில் பச்சை. 1971ஆம் ஆண்டு விதிகளிலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. எத்தனை கூலியாட்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

பருத்தி ஆலைக்கு வருகிறது. புளோரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்தவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு இறங்கியதும் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். செவ்வாய், புதன் என்று நாள் போகப் போகக் குறையும். அடுத்த திங்கள் மீண்டும் வரும். வருஷங்கள் கழிந்தால் எல்லா நாளும் திங்கட்கிழமையாகிவிடும். வைத்திய சாஸ்திரத்தில் இதற்கு பிஸ்ஸினோஸிஸ் என்று பெயர். பஞ்சுத் தூசியால் வருவது. தொழிலால் வரும் வியாதி என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருப்பது. ஆனால் பீடிதான் காரணம் என்று சீட்டு எழுதி அனுப்பிவிடும் டாக்டர்கள் உண்டு. நோயாளியிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள், அவன் என்ன வேலை செய்கிறான் என்று கேளுங்கள் என 1700ஆம் ஆண்டிலேயே இத்தாலி நாட்டு டாக்டர் ராமஸ்ஸினி எழுதி வைத்தார். 300 வருஷங்களுக்கு மேலாகிவிட்டது!

நூல் துணியாகிச் சாயப்பட்டறைக்குப் போகிறது. இங்கேதான் கதை ஆலை மதிலைத் தாண்டுகிறது. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் ஏராளமாக உப்புப் போட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிட்டு அத்தனையும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். நிறம் குறைந்தது, அழுக்கு மண்டியாக அடியில் தங்கியது. கரைந்த உப்பு கரைந்தபடியே நொய்யலுக்குப் போயிற்று. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீர் வயலைக் கொன்றது. மண்ணில் சோடியம் ஏறினால் மண் இறுகிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காது, வேர் மூச்சு விடாது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையின் கதி என்ன? அது சாயத்தண்ணீர்த் தொட்டியாயிற்று. அணையில் தண்ணீர் விடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று போராட வேண்டிய விசித்திரத்தை இந்த நாடு பார்த்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்த ஒரு பனியனின் கதையை எந்த ஒரு பாடப் புத்தகம் முழுவதும் சொல்லும்? உப்பு ஏன் வெளியே வருகிறது என்று ரசாயனம் சொல்லும். மண் ஏன் செத்தது என்று வேளாண் விஞ்ஞானம் சொல்லும். அன்னிய நாட்டு வியாபாரி பேசும் விலையில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவு ஏன் சேர்வதில்லை, அந்தச் செலவு விவசாயியின் கிணற்றில் ஏன் விழுகிறது என்று சொல்ல வேண்டியது பொருளாதாரம். ஆறுகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இத்தகைய தொழில்கள் கூடாது என்று தமிழ்நாட்டு சர்க்கார் 1989லேயே உத்தரவு போட்டிருந்தும், அதற்கு முன்பே 1974ல் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்திருந்தும், பட்டறைகள் எப்படிப் பெருகின? இதற்குச் சட்டமும் அரசியலும் பதில் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை மூச்சுத் திணறலை மருத்துவம் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனி அறையில் பூட்டி வைத்தால் ரசாயன வாத்தியாருக்குக் கூலி தெரியாது, பொருளாதார வாத்தியாருக்கு உப்பு தெரியாது. முதலாளிக்கு மட்டும் எல்லாம் தெரியும்! அவருக்கு வக்கீலும் இருக்கிறார், எஞ்சினியரும் இருக்கிறார், ஆடிட்டரும் இருக்கிறார். அவர்கள் மூவரும் ஒரே மேஜையில் உட்காருகிறார்கள்.

எல்லாவற்றிலும் கொஞ்சம் என்ற கேலிக்கு இதுதான் நம் பதில். கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிப் போடுவது வேறு. ஒரு பிரச்னையைப் பிடித்துக்கொண்டு அது போகும் இடமெல்லாம் போவது வேறு. 1845ல் ஏங்கல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைமை பற்றிய நூலை வெளியிட்டபோது அவருக்கு வயது 24. மான்செஸ்டரின் சந்துகளில் நடந்தார், இர்க் ஆற்றின் கரிய நாற்றத் தண்ணீரைப் பார்த்தார், டாக்டர்களின் அறிக்கைகளைப் படித்தார், வீடுகளின் அமைப்பைப் படம் போட்டுக் காட்டினார். ஆறும் கூலியும் வியாதியும் அந்தப் புத்தகத்தில் ஒரே கதையாக நிற்கின்றன. நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கில் மின்சார அணை கட்டுவது பற்றித் தகராறு எழுந்தபோது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தைச் சேர்ந்த தாவரவியலாரும் பொறியாளர்களும் பொருளாதாரம் அறிந்தவரும் சேர்ந்து உட்கார்ந்து 1979ல் ஓர் அறிக்கை தந்தார்கள். காடு அழகானது என்று மட்டும் அவர்கள் பேசவில்லை. மலபாருக்கு மின்சாரம் வேண்டும், அதை வேறு எப்படிக் கொடுப்பது என்று கணக்கும் பார்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 1984ல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இன்று என்ன சொல்லித் தருகிறார்கள்?

சுற்றுச்சூழல் பாடம் கல்லூரிகளுக்குத் தானாக வரவில்லை. வக்கீல் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்சநீதிமன்றம் அதைக் கட்டாயப் பாடமாக்கும்படி உத்தரவிட்டது. பன்னிரண்டு வருஷம் அந்த உத்தரவு தூங்கியது. 2003ல் நீதிமன்றம் மீண்டும் தட்டி எழுப்பிய பிறகுதான் பல்கலைக்கழக மானியக் குழு தயாரித்த ஆறு மாதப் பாடம் எல்லாப் பட்டப்படிப்புகளிலும் ஏறியது.

அந்தப் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். மொத்தம் 50 வகுப்புகள். இந்தப் பாடம் பல துறைகளையும் சேர்ந்தது என்பதை விளக்க 2 வகுப்பு. ஊருக்குள் போய் நேரில் பார்க்க 5 வகுப்பு. மாசு பற்றி 8 வகுப்பு. அதில் மாசைத் தடுப்பதில் தனிமனிதனின் பங்கு என்று ஒரு தலைப்பு உண்டு. இயற்கை வளங்களைக் காப்பதிலும் தனிமனிதனின் பங்கு என்று இன்னொரு தலைப்பு. சரி, முதலாளியின் பங்கு என்று ஒரு தலைப்பு உண்டா? இல்லை! குழாயை மூடு, விளக்கை அணை, பிளாஸ்டிக் பையைத் தவிர் என்று பையனுக்குச் சொல்லுகிறார்கள். நல்ல பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு குடும்பம் ஆயுள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக மிச்சப்படுத்தும் தண்ணீர் ஒரு சாயப்பட்டறைக்கு எத்தனை நாளைக்குக் காணும்?

சட்டங்கள் என்ற பகுதியில் சுற்றுச்சூழல், காற்று, தண்ணீர், வனவிலங்கு, காடு என ஐந்து சட்டங்களைச் சொல்லியிருந்தார்கள். அன்று நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அந்த வரிசையில் இல்லை. காட்டிலுள்ள மானின் மூச்சு சுற்றுச்சூழல். கார்டிங்கில் நிற்கும் மனிதனின் மூச்சு சுற்றுச்சூழல் அல்ல! தொழிற்சாலைச் சட்டத்தையே பிறகு தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் விழுங்கிவிட்டது. அது தனிக் கதை. ஜனத்தொகை என்ற பகுதியில் ஜனத்தொகைப் பெருக்கமும் குடும்ப நலத் திட்டமும் வருகின்றன. ஏழை பிள்ளை பெறுவதால்தான் உலகம் கெடுகிறது என்ற எண்ணத்தைத்தான் இது பிஞ்சு மனதில் ஊன்றும். நொய்யலைக் கெடுத்தது எந்தக் குடிசையின் தொட்டில்?

ஆசிரியர்களை நாம் குறை சொல்லவில்லை. இந்தப் பாடத்துக்கென்று ஆளே நியமிக்காமல், எந்தத் துறையில் யாருக்கு நேரம் மிச்சமிருக்கிறதோ அவர் தலையில் கட்டிவிடும் கல்லூரிகள் பல. அவரும் என்ன செய்வார்? நோட்ஸ் கொடுப்பார். பையன் மனப்பாடம் செய்வான். பரீட்சை முடியும், நோட்டு எடைக்குப் போகும்.

துணைப்பாடம் இதிலிருந்து வேறுபட முடியும் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறோம். துணைப்பாடம் என்பது நமக்குப் புதிதல்ல. பௌதிகம் எடுத்தவர் கணிதத்தைத் துணையாகப் படிப்பது நம் கல்லூரிகளில் பல தலைமுறைப் பழக்கம். 2022 டிசம்பரில் மானியக் குழு வெளியிட்ட திட்டத்தில், மூன்று வருஷப் பட்டத்துக்குரிய 120 கிரெடிட்டில் 24 துணைப்பாடத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஒரு கிரெடிட் என்றால் 15 மணி நேரப் பாடம். ஆக 360 மணி நேரம். (அந்தத் திட்டத்தின் தாயான 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைக்குத் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பு அனைவரும் அறிந்தது. அந்த விவாதத்தை இங்கே இழுக்கவில்லை.) ஐம்பது வகுப்பு எங்கே, 360 மணி நேரம் எங்கே! இவ்வளவு நேரத்தில் ஒரு மாணவி ஆற்றுத் தண்ணீரை எடுத்து உப்பை அளக்கக் கற்கலாம், ஆலைத் தூசியை அளக்கக் கற்கலாம், கம்பெனியின் வரவு செலவைப் படிக்கக் கற்கலாம், தீர்ப்பைப் படிக்கக் கற்கலாம். அல்லது அதே நோட்ஸை ஏழு மடங்கு தடிமனாக எழுதலாம். எது நடக்கும் என்பது யார் அக்கறை காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

வேலையா, தண்ணீரா?

இதில் நமக்கு இன்னும் ஆழமான ஒரு காரியம் அடங்கியிருக்கிறது. 2006ல் உயர்நீதிமன்றமும் 2009ல் உச்சநீதிமன்றமும் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் வழக்கில் சாயப்பட்டறைகளுக்குக் கண்டிப்பான கட்டளையிட்டன. கட்டளை நிறைவேறவில்லை. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன. வேலை போனது யாருக்கு? தண்ணீரைக் கெடுத்தே லாபம் சேர்த்தவர் தாக்குப் பிடித்தார். தினக்கூலிக்கு நின்றவர் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினார். விவசாயியால்தான் உன் வேலை போயிற்று என்று அவர் காதில் ஓதினார்கள்.

இது உலகமெங்கும் ஓதப்படும் மந்திரம். ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊரில் சிஸ்ஸோ கம்பெனி பாதரசம் கலந்த கழிவைக் கடலில் விட்டது. மீன் தின்ற மீனவக் குடும்பங்களுக்குக் கை கால் இழுத்தது, பார்வை சுருங்கியது, கருவிலிருந்த குழந்தையும் தப்பவில்லை. 1956ல் வியாதி வெளிப்பட்டது. கம்பெனி ஆஸ்பத்திரியின் டாக்டர் ஹோசோகவா 1959ல் ஆலைக் கழிவைப் பூனைக்கு உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார். பூனைக்கும் அதே வியாதி! கம்பெனி அந்த உண்மையை அமுக்கியது. அப்போது தொழிலாளர் சங்கம் என்ன செய்தது? கழிவை நிறுத்தினால் ஆலை நின்றுவிடும் என்று மேயரோடும் வியாபாரிகளோடும் சேர்ந்து மனுக் கொடுத்தது. மீனவர் ஒரு பக்கம், தொழிலாளர் மறு பக்கம்.

பிறகு 1962-63ல் கூலித் தகராறு வந்தது. கம்பெனி தன் சுயரூபத்தைத் தொழிலாளர்களுக்கே காட்டியது. சங்கத்தை உடைத்தது. உடையாமல் நின்ற பழைய சங்கம் 1968 ஆகஸ்டில் ஒரு தீர்மானம் போட்டது. வியாதியால் துன்பப்பட்டவர்களுக்காக இதுவரை எதுவும் செய்யாமல் இருந்தது வெட்கக்கேடு என்று பகிரங்கமாகச் சொன்னது. இனி அவர்களோடு நிற்போம் என்றது. தொழிலாளர் இயக்க சரித்திரத்தில் இப்படிப்பட்ட தீர்மானம் மிக அபூர்வம். அவர்களை ஆலைக்கு உள்ளே தாக்கிய கையும் மீனவரைக் கடலில் தாக்கிய கையும் ஒன்றுதான் என்று தெரிய அவர்களுக்குப் பல வருஷங்கள் பிடித்தன. போபாலில் இது முன்கூட்டியே தெரிந்திருந்தது. 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் வாயு பட்டு ஒரு தொழிலாளி இறந்தபோதே சங்கத்தார் எச்சரித்தார்கள். கேட்பாரில்லை. 1984 டிசம்பரில் ஊரே செத்தது.

மினமாட்டாவை ஆராய்ந்தவர்களில் ஊய் ஜூன் என்ற எஞ்சினியர் ஒருவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 21 வருஷம் உதவியாளராகவே வைக்கப்பட்டிருந்தார். பதவி உயர்வே கிடையாது. அவர் 1970ல் அந்தப் பல்கலைக்கழகக் கட்டடத்திலேயே மாலை நேரத்தில் மாசு பற்றிய வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். பரீட்சை இல்லை, பட்டம் இல்லை. யார் வேண்டுமானாலும் வரலாம். மாணவர்களும் வந்தார்கள், பாதிக்கப்பட்ட ஊர்க்காரர்களும் வந்தார்கள். பதினைந்து வருஷம் நடந்தது அந்த வகுப்பு. ரசாயனமும் சட்டமும் சரித்திரமும் அங்கே சேர்ந்தே பேசப்பட்டன. பாதிக்கப்பட்டவன் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அவற்றைப் பிரித்துப் பேச முடியாது.

பிள்ளைகள் இதை எடுத்தால் வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நாம் பூசி மெழுக விரும்பவில்லை. துணைப்பாடம் தனியாக வேலை வாங்கித் தராது. ரசாயனம் படித்தவருக்குச் சுத்திகரிப்பு நிலையத்திலும் பரிசோதனைச் சாலையிலும், மற்றவர்களுக்கு ஆலைப் பாதுகாப்பு வேலையிலும் அது கூடுதல் தகுதி, அவ்வளவே. ஆனால் ஊருக்கு ஒரு பெரிய பிரயோஜனம் உண்டு. புதிய ஆலையோ சுரங்கமோ வரும்போது 2006ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி பல திட்டங்களுக்கு மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். குறைந்தது 30 நாள் அவகாசம். தடித்த அறிக்கை இங்கிலீஷில் இருக்கும். தமிழில் சுருக்கம் மட்டும். கலெக்டர் மேடையில் உட்கார, கம்பெனி ஆள் படம் போட்டுக் காட்ட, நம் ஜனங்கள் எங்கள் வயல் போய்விடும் என்று கண்ணீரோடு பேசிவிட்டு வருகிறார்கள். கண்ணீர் பதிவேட்டில் ஏறாது. தண்ணீர்க் கணக்கு இந்தப் பக்கத்தில் தப்பு என்று எழுந்து சொல்ல ஊரில் ஒரு பெண் இருந்தால் அதை எழுதித்தான் ஆக வேண்டும். அந்தப் பெண் நம் வீட்டிலிருந்து வர வேண்டாமா?

ஆகவே நாம் கேட்பது இவை. இந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர்களை நியமிக்க வேண்டும். பாடமும் புத்தகமும் பரீட்சையும் தமிழில் இருக்க வேண்டும். ஆலைக்கு உள்ளே உள்ள தூசியும் இரைச்சலும், வயலில் அடிக்கும் மருந்தும் பாடத்தின் முதல் பகுதியில் வர வேண்டும், கடைசியில் ஒட்டுப் போடக் கூடாது. நேரில் பார்க்கும் வகுப்பு என்று சொல்லி மலைக்குச் சுற்றுலா அழைத்துப் போவதை விட்டு, சாயக் கால்வாய்க்கும் குப்பைமேட்டுக்கும் மாணவர்களை அழைத்துப் போக வேண்டும். கார்டிங்கில் முப்பது வருஷம் நின்றவரையும் மருந்தடித்து மயங்கி விழுந்தவரையும் வகுப்புக்கு வரவழைத்து, அன்றையக் கூலியைக் கொடுத்து, பேசச் சொல்ல வேண்டும்.

கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்கள் கூடும்போது அங்கே தொழிலதிபர்களின் பிரதிநிதிக்கு நாற்காலி உண்டு. தொழிற்சங்கத்துக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் இல்லை. அந்த நாற்காலியைக் கேட்டு ஒவ்வொரு ஆலைச் சங்கமும் கிராமச் சங்கமும் இந்த மாதக் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றித் துணைவேந்தர்களுக்கும் உயர்கல்வி மந்திரிக்கும் அனுப்பட்டும். நகல் ஒன்றை நமக்கும் அனுப்புங்கள். வந்து சேரும் தீர்மானங்களை வாரந்தோறும் வெளியிடுவோம்.